மரியாதை ஓவர்

என் சகலையைப் பற்றி யாராலும் ஒரு குறை சொல்ல முடியாது. நானும் கல்யாணமான நாளிலிருந்து தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் பல் டாக்டர். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். அவர் கட்டியிருப்பது என் மனைவியின் தங்கையை. ஆகவே முறைப்படி பார்த்தால் நான்தான் பெரிய மாப்பிள்ளை. ஆனால் மாமனார் வீட்டில் "மாப்பிள்ளை வந்தாச்சா?" என்று குரல் கேட்டால், அது அவரைப் பற்றிய விசாரணை என்பது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும் எனக்கே தெரியும். நான் வந்தால் "பெரிய மாப்பிள்ளை வந்திருக்கார்" என்பார்கள். அடைமொழி இல்லாமல் என்னை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

எனக்கு அவர்மேல் பொறாமை. இதை மழுப்பிச் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் கார் வாங்கியபோது பொறாமைப்பட்டேன். மழையில் நனைந்துகொண்டிருந்த என்னை அந்தக் காரில் ஏற்றிக் கடைவாசலில் இறக்கிவிட்டபோது அதைவிட அதிகமாகப் பட்டேன். தலைமுடி விஷயத்தை நான் பேசப்போவதில்லை.

இருவரும் கிரிக்கெட் ஆடுகிறோம். அவர் ஒரு கிளப், நான் ஒரு கிளப். அவர் சேர்ந்த வருஷமே கேப்டன் ஆக்கிவிட்டார்கள். நான் தண்ணீர் பாட்டில் தூக்கி, ஸ்டம்பு நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, எல்லோரும் சலித்துப்போன பிறகு கேப்டன் ஆனேன். ஆனாலும் கேப்டன் கேப்டன்தானே. என்னிடம் இருப்பவற்றில் அவரைப் பார்த்து வெட்கப்படாத பொருள் அது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை, மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவருடைய டீமைத் தோற்கடிக்க வேண்டும் என்பது என் ஆசை. இதற்குமேல் வாழ்க்கையிடம் நான் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அவர்களோடுதான் என்று லீக்கில் முடிவானதும், எங்கள் கமிட்டி கூடி ஒரு தீர்மானம் போட்டது. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருப்பதால், இந்த ஆட்டமும் போனால் கேப்டனுக்கு "கௌரவமான ஓய்வு" கொடுக்கப்படும் என்பது தீர்மானம். செயலாளர் அதை வாசித்துவிட்டு என் கையைக் குலுக்கினார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யாரை வெளியே அனுப்பினாலும் கை குலுக்கித்தான் அனுப்புவார்.

எங்கள் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டீமில் பதினோரு பேர். கமிட்டியில் அதைவிட அதிகம். துணை கேப்டன்கள் நால்வர். யாரும் மனம் புண்படக் கூடாது என்று திசைக்கு ஒருவராக நியமித்திருக்கிறார்கள். கிழக்குத் துணை கேப்டனைக் கேட்காமல் கிழக்குப் பக்கம் ஒரு ஃபீல்டரை நான் ஓரடி நகர்த்த முடியாது. பேட்டிங் வரிசை திறமைப்படி அல்ல, உறுப்பினர் எண் படி. முதல் எண் பொருளாளருடையது. அவருக்கு முழங்கால் வலி. அவர் பிட்சுக்கு நடந்து போவதற்கும், முதல் பந்தில் அவுட்டாகி நடந்து திரும்புவதற்கும் பிடிக்கிற நேரத்தில் மற்றவர்கள் தேநீர் குடித்துவிடுவார்கள்.

முதல் ஸ்லிப்பில் நிற்பவர் எங்கள் ஸ்தாபக உறுப்பினர். நிற்பவர் என்றா சொன்னேன்? உட்கார்ந்திருப்பவர். வயதைக் கருதி அவருக்கு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கமிட்டி அனுமதித்திருக்கிறது. ஓவருக்கு ஓவர் முனை மாறும்போது மேற்குத் துணை கேப்டன் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். எதிர் டீம்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

இதெல்லாம் கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது மரியாதை ஓவர்.

எங்கள் தலைவர் பெயிண்ட் கடை முதலாளி. மைதானத்துக்கு வாடகை, பந்து, பேட், மதியச் சாப்பாடு எல்லாம் அவர் உபயம். எந்த ஆட்டமானாலும் ஒரு ஓவர் அவர் வீசுவார். அதற்குப் பெயர்தான் மரியாதை ஓவர். லீக்காரர்களும் அவரிடம் பெயிண்ட் வாங்குகிறவர்கள் என்பதால் இதற்கு ஆட்சேபம் எழுந்ததில்லை. அவர் பந்து வீசினால் அது எங்கே போகும் என்று பேட்ஸ்மேனுக்கும் தெரியாது, விக்கெட் கீப்பருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கேப்டன் என்ற முறையில் என் திறமையெல்லாம் அந்த ஓவரை எங்கே ஒளித்து வைப்பது என்பதில்தான் இருந்தது. எதிர் டீம் கண்விழிப்பதற்கு முன்னால், இரண்டாவது ஓவரிலேயே கொடுத்து முடித்துவிடுவேன். கசப்பு மருந்தைக் குழந்தைக்குப் புகட்டுவது மாதிரி.

அன்று நாங்கள் முதலில் ஆடி, பொருளாளரின் நடையையும் மீறிச் சுமாரான ஒரு ஸ்கோர் எடுத்திருந்தோம். ஃபீல்டிங்குக்கு இறங்கும்போது செயலாளர் ஓடிவந்தார்.

"தலைவர் ஒரு கடைத் திறப்பு விழாவுக்குப் போயிருக்கார். ரிப்பன் வெட்டிட்டு வந்துடுவார். அவர் வர்ற வரைக்கும் மரியாதை ஓவரை நிறுத்தி வைங்க."

"வரலைன்னா?"

"வருவார்."

"இல்ல சார், ஒருவேளை வரலைன்னா?"

அவர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தப்போகிறவர் போலப் பார்த்தார். மனசுக்குள் அந்த ரிப்பன் நல்ல தடிமனான ரிப்பனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பந்தலுக்குக் கீழே மாமனார், என் மனைவி, அவள் தங்கை மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். சகலையின் டீம் விக்கெட்டுகளை வரிசையாக இழந்துகொண்டிருந்தது. எங்கள் வேகப் பந்துவீச்சாளர் கூரியர் கம்பெனியில் பார்சல் கொடுக்கிறவர். கூரியர் என்றே கூப்பிடுவோம். அன்று அவர் கொண்டுபோய்ச் சேர்த்த பந்தெல்லாம் சரியான விலாசத்துக்குப் போயிற்று. மாமனார் இரண்டு தடவை கை தட்டினார். எனக்காகத் தட்டினாரா, கொசுவுக்காகத் தட்டினாரா என்று நான் ஆராயவில்லை.

சகலை மட்டும் அவுட்டாகாமல் நின்று, கூரியரையும் அடித்து ஆடினார். அவுட்டாகவேண்டிய நேரம் ஒன்று வந்தது. கூரியர் போட்ட பந்து அவர் பேட் விளிம்பில் பட்டு நேராக ஸ்லிப்புக்குப் போய், ஸ்தாபக உறுப்பினரின் மடியில் விழுந்தது. அவர் அப்போது ஃபிளாஸ்க் மூடியில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் கத்தினோம். மடியில் விழுந்தாலும் கேட்ச் கேட்ச்தான். அம்பயர் விரலைத் தூக்கப் போனார். இத்தனை பேர் எதற்குக் கத்துகிறார்கள் என்று பார்க்க ஸ்தாபக உறுப்பினர் எழுந்து நின்றார். பந்து உருண்டு தரையில் விழுந்தது.

"என்னப்பா, யாராவது அவுட்டா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, நீங்க உக்காருங்க," என்றார் சகலை. நாற்காலியை அவரே பிடித்து உட்காரவைத்தார். பந்தலிலிருந்து கைதட்டல் வந்தது. அது கொசுவுக்கு இல்லை.

கடைசி ஓவர் மிச்சம். அவர்களுக்குப் பத்து ரன் வேண்டும். கைவசம் கடைசி விக்கெட். கூரியருக்கு ஒரு ஓவர் பாக்கி இருந்தது. தலைவர் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் மாமனார் பக்கமாகத் திரும்பித் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். அந்த நேரத்தில் மைதானத்து கேட்டுக்குள் தலைவரின் கார் நுழைந்தது.

அவர் வேட்டியும் சட்டையுமாக நேராக பிட்சுக்கு வந்தார். சட்டைப் பையில் கத்தரித்த ரிப்பன் துண்டு எட்டிப்பார்த்தது.

"நேரமாயிடுச்சா?" என்றார்.

"உங்க ஓவரைத் தொடாம வச்சிருக்கோம்," என்றார் கூடவே வந்த செயலாளர்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "தலைவரே, ஆட்டம் கொஞ்சம் இக்கட்டுல இருக்கு. அடுத்த ஆட்டத்துல வேணும்னா ரெண்டு ஓவரா..."

"இக்கட்டான நேரத்துலதானே தலைவன் வேணும்," என்றார் தலைவர். நான்கு திசைத் துணை கேப்டன்களும் தலையாட்டினார்கள். அவர்கள் எதிலாவது ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

அம்பயர் வேறு யாருமில்லை, தலைவரின் பெயிண்ட் கடை மேனேஜர். எனக்கிருந்த கடைசி நம்பிக்கை அவர்தான். முதலாளியின் பந்துக்கு வைடு கொடுக்கிற மேனேஜர் எந்த ஊரில் இருக்கிறார்?

முதல் பந்து ஸ்தாபக உறுப்பினரின் நாற்காலிக் காலில் பட்டு நின்றது. மேனேஜர் வானத்தைப் பார்த்தார். மேகங்களில் அவருக்குத் திடீரென்று அக்கறை வந்திருந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். தலைவர் விடவில்லை.

"ஏம்ப்பா, அது வைடு இல்லையா?"

"எட்டுற பந்துதாங்க முதலாளி," என்றார் மேனேஜர்.

"ஆமாங்க, எட்டியிருக்கும். நான்தான் விட்டுட்டேன்," என்றார் சகலை.

"இல்ல தம்பி. என் பேர்ல சலுகை காட்டினா நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க? வைடு குடுப்பா."

"வேண்டாங்க, இருக்கட்டும்," என்றார் சகலை.

"அட, நீங்க இருங்க. குடுப்பா."

கல்யாண வீட்டு வாசலில் 'நீங்க முதல்ல போங்க' என்று இரண்டு சம்பந்திகள் வழிவிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே யாருடைய ரன்னும் போவதில்லை. மேனேஜர் கைகளை விரித்தார். அடுத்த பந்து பேட்ஸ்மேனின் முதுகுக்குப் பின்னால் போய், கீப்பர் பாய்ந்தும் சிக்காமல், எல்லைக் கோட்டைத் தாண்டியது. "குடுப்பா, குடுப்பா," என்று தலைவரே முந்திக்கொண்டார். ஐந்து ரன். சகலை இன்னும் பேட்டை அசைக்கவேயில்லை. இனி நான்கு ரன் எடுத்தால் போதும்.

அதன் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. தலைவரின் பந்து நேராக வந்தது. மூன்று தடவை குதித்து, ஒரு குழந்தை அடித்தாலும் எல்லைக்குப் போகிற மாதிரி வந்தது. சகலை முன்னங்காலை வைத்து, தலையைக் குனிந்து, பவ்வியமாகத் தட்டி நிறுத்தினார். தலைவர் பூரித்துப்போனார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த மூன்றும். கூரியரை வெளுத்து வாங்கிய மனிதர், தலைவரின் பந்தைப் பூ மாதிரி தடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. கடைசிப் பந்துதான் மிச்சம் என்றபோது சகலை என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கமிட்டியின் தீர்மானம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. என் மனைவியின் தங்கை வழியாகப் போயிருக்கும். மனிதர் எனக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறார்.

அந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு ஜெயிப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் என் வயிறு கேட்கவில்லை, எரிந்தது. கார், கிளினிக், தலைமுடி, மாப்பிள்ளை என்ற பட்டம் எல்லாம் போதாதென்று, அவரைத் தோற்கடிக்கிற பாக்கியத்தையும் அவர் கையிலிருந்தே நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா? நாளைக்கு மாமனார் வீட்டில் இந்த விஷயம் கசியாமல் இருக்குமா? 'மாப்பிள்ளை பெருந்தன்மையா விட்டுக்குடுத்தாராம்' என்பார்கள். கால்கள் தாமாகவே என்னை அவரிடம் கொண்டுபோய் நிறுத்தின.

"சகலை, எனக்காக ஒண்ணும் விட்டுக்குடுக்க வேணாம்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சகலை."

"எனக்குத் தெரியும். இந்தப் பந்தை ஒழுங்கா அடிங்க."

"பெரியவர் மனசு கஷ்டப்படுமே."

"அடிங்கன்னு சொல்றேன்ல."

"சரி, நீங்க சொன்னா சரி," என்றார். நான் சொல்லி அவர் கேட்காதது எதுவும் கிடையாது. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் அதுவும் ஒன்று.

பந்து என் தலைக்கு மேலேதான் போனது. நான் எம்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கிளப் அறையில் விசாரணை. அந்த அறையில் ஒரு மின்விசிறி, கண்ணாடி போட்ட மேஜை, தலைவர் பந்து வீசுகிற மாதிரியான படங்கள், ஒரு பீரோ. பீரோவுக்குள் கோப்பைகள் நிறைய உண்டு; எல்லாம் மற்ற டீம்களுக்குக் கொடுப்பதற்காகத் தலைவர் மொத்தமாக வாங்கி வைத்தவை. கடைசி வரிசையில் இருப்பவர் கையை நீட்டினால் மேஜையைத் தொட்டுவிடலாம். இருந்தாலும் மைக் உண்டு. ஜெயித்த டீமின் கேப்டன் என்பதால் சகலையையும், விருந்தினர் என்பதால் மாமனாரையும் முன் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

தோற்றதற்காக என் கேப்டன் பதவியைப் பறிக்கப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் போனேன். செயலாளர் மைக்கைத் தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"ஜெயிக்கிறதும் தோக்கிறதும் விளையாட்டுல சகஜம். நமக்குத் தோக்கிறது கொஞ்சம் கூடவே சகஜம். நாம ஜெயிச்ச ஆட்டத்தை விரல் விட்டு எண்ணிடலாம். ஆனா தலைவர் ஓவர் போடாத ஆட்டம்னு ஒண்ணை யாராவது காட்டுங்க பாப்போம். அந்த மாதிரி ஒரு கிளப்புல, இன்னிக்கு ஒரு கேப்டன், எதிரிகிட்டப் போய், தலைவர் பந்தை அடின்னு சொல்லியிருக்கார். அம்பயர் அவர் காதால கேட்டிருக்கார்."

மேனேஜர் எழுந்து, கேட்டது உண்மை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"தோத்ததைப் பத்தி நாங்க கேக்கலை," என்றார் பொருளாளர் காலை நீவிக்கொண்டே. "அடிக்கச் சொன்னீங்களா இல்லையா?"

என் பொறுமை போய்விட்டது. எழுந்து மைக்கைப் பிடித்தேன். "சொன்னேன். ஆனா அதனால ஆட்டம் போகலை. ஆட்டம் போனது தலைவர் ஓவராலதான். அந்த ஓவர் இல்லைன்னா முடிவே வேற மாதிரி இருந்திருக்கும். இதை வெளிப்படையாவே சொல்றேன்."

மாமனார் தரையைப் பார்த்தார். தலைவர் மெல்ல எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எல்லாரும் கேட்டீங்களா? என் ஓவர்தான் ஆட்டத்தோட முடிவையே மாத்துச்சாம். இத்தனை வருஷத்துல எந்த கேப்டனும் இப்படி மனசு விட்டுச் சொன்னதில்லை. ஏதோ மரியாதைக்கு ஒரு ஓவர் குடுக்கறாங்கன்னுதான் நானே நினைச்சுக்கிட்டிருந்தேன்."

கமிட்டி முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. மரியாதை ஓவர் இனி இரண்டு என்று அங்கேயே முடிவானது. அந்த நாளின் சிறந்த பந்துவீச்சாளர் கோப்பையை பீரோவிலிருந்து எடுத்துத் தலைவர் தமக்கே கொடுத்துக்கொண்டார். கூரியரும் கைதட்டினார், அவருக்கு மறுநாள் காலை தலைவர் கடைக்குப் பார்சல் கொண்டுபோகிற வேலை இருந்தது.

"இருந்தாலும் அடிக்கச் சொன்னது தப்பு தப்புதான்," என்று தலைவர் தொடர்ந்தார். "அதனால கேப்டன் பதவி பத்தி கமிட்டி யோசிச்சுது. டாக்டர் தம்பி என் பந்தை எவ்வளவு மரியாதையா ஆடினார்னு எல்லாரும் பாத்தீங்க. அந்த மாதிரி ஒருத்தர் நமக்குக் கேப்டனா வந்தா நல்லா இருக்கும். தம்பி, உங்க கிளப்பை விட்டுட்டு இங்க வந்துடுங்க."

எல்லோரும் சகலையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என்னிடம் மிச்சமிருந்த அந்த ஒன்றும் போகிறது; போகட்டும், குறைந்தபட்சம் அவரை மனசார வெறுக்க ஒரு காரணமாவது கிடைக்கும் என்று நினைத்தேன். ஏற்றுக்கொள்ளுங்கள் சகலை, என்று உள்ளுக்குள் கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவர் எழுந்தார். மைக் வேண்டாம் என்றார். மைக் இல்லாமலே அவர் குரல் நன்றாக இருந்தது.

"மன்னிக்கணும். சகலை இருக்கிற இடத்துல நான் கேப்டனா இருக்கிறது முறையில்லை. அவர் எனக்கு மூத்தவர். தான் தோத்தாலும் பரவால்ல, ஒழுங்கா ஆடுன்னு சொன்ன மனுஷன் அவர். அவரே கேப்டனா இருக்கட்டும். நீங்க இவ்வளவு அன்பாக் கூப்பிடுறதால நான் இந்தக் கிளப்புல சேந்துக்கிறேன். அவருக்குக் கீழ ஆடுறேன்."

இந்தத் தடவை கைதட்டல் அறைக்கு வெளியேயும் கேட்டிருக்கும். மாமனார் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட மனசு," என்றாள். டாக்டரின் வேண்டுகோளுக்கு இணங்க, இப்போதிருக்கும் கேப்டனையே தொடர அனுமதிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வேண்டுகோளைச் செயலாளர் இரண்டு தடவை மைக்கில் வாசித்தார். எனக்குக் கை குலுக்கவில்லை, அவருக்குக் குலுக்கினார்.

எல்லோரும் என்னிடம் வந்து, இப்படி ஒரு சகலை அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் கொடுத்து வைத்தவனாக நின்றேன். கேப்டன் பதவி என்னிடமே இருந்தது. இனி அவர் என் டீம். எந்த ஞாயிற்றுக்கிழமையும், எந்த மைதானத்திலும், யார் பார்த்துக்கொண்டிருந்தாலும், சாகிற வரைக்கும் அவரை நான் தோற்கடிக்க முடியாது.

கூட்டம் கலைந்ததும் சகலை வந்து என் தோளில் கை போட்டார்.

"இனிமே நாம எதிரெதிரா நிக்க வேண்டியதே இல்ல, சகலை. சந்தோஷம்தானே?"

"ரொம்ப சந்தோஷம்," என்றேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து இலேசாக அழுத்தினார்.

"பல்லை இப்படி நறநறன்னு கடிக்காதீங்க. தேஞ்சு போயிடும். நாளைக்கு கிளினிக் பக்கம் வாங்க, நானே பாத்து விடுறேன்."